புளித் தண்ணீரில் சுழன்ற வாளி

என் அன்பு அப்பாவுக்கு,

நீங்கள் கராஜில் விட்டுப்போன வாளியின் சுவிட்சை நேற்று நான் போட்டுவிட்டேன்.

உங்கள் முப்பத்தோராம் நாள் நினைவுப் பூசைக்காகப் பித்தளை மெழுகுதிரித் தாங்கிகளைத் துலக்கச் சொன்னார் அம்மா. புளி டப்பா வழக்கம்போலக் காலி. வழக்கம்போல எனக்குத்தான் ஏச்சு. கராஜில் பொட்டலம் ஏதாவது இருக்குமா என்று போய்ப் பழைய போர்வை ஒன்றை விலக்கினேன்.

மூடி போட்ட பெயின்ட் வாளி ஒன்று உருளும் சின்னச் சக்கரச் சில்லுகளின் மேல் படுத்திருந்தது. எங்கள் பழைய வோஷிங் மெஷினின் மோட்டாரும் ஒரு ரப்பர் பெல்ட்டும் அதோடு பூட்டியிருந்தன. பக்கத்தில் அம்மாவின் புளி, மஞ்சள் ரப்பர் கையுறை. சுவிட்சைப் போட்டதும் வாளி கலகலவென்று உருண்டது. நிறுத்தி, நிமிர்த்தி, மூடியைத் திறந்தேன்.

துவக்குச் சன்னங்களின் வெற்றுக் கோதுகள், சுட்டு முடிந்த பித்தளைத் தோட்டா உறைகள், அப்பா! வாளி நிறைய. ஒரு மாதமாகப் புளித் தண்ணீரில் ஊறிச் சிவந்துபோய்க் கிடந்தன.

தண்ணீர்த் துப்பாக்கிகூட வாங்கித் தராதவர் நீங்கள். நவம்பரில் இங்கே வாணவெடி தொடங்கினாலே யன்னல்களைப் பூட்டுவீர்கள். யாழ்ப்பாணத்தில் அம்மாவின் தம்பி, என் மாமா, வீட்டு வாசல் படலையடியில் துவக்கு வெடிபட்டு விழுந்ததை நீங்களும் பார்த்தவர்தானே?

பின்னால் அம்மா வந்து நின்றார்.

"என்ர தம்பியைத் திண்ட சாமான் என்ர வீட்டுக்குள்ளையோ?"

அவ்வளவுதான் கேட்டார். உள்ளே போய் உங்கள் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். "நாளைக்கு நான் பூசைக்கு வரேல்லை. நீ போ."

குடும்பத்தில் முதல் பட்டதாரி என்று என்னை எல்லோரிடமும் காட்டுவீர்களே, எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. யாரப்பா நீங்கள்?

மூடியில் 'கிரெய்க்' என்று எழுதியிருந்தது. உங்களோடு பஸ் ஓட்டியவர், அடக்கத்தன்று சத்தமாக அழுதவர். போனில் பீட்சா சொல்லக்கூடத் தங்கச்சியைப் பேசவிடும் நான், அவருக்கு போன் எடுத்தேன். பின்னேரமே வந்துவிட்டார். அவர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, அம்மாவுக்கு நான் தமிழில் சொன்னேன்.

"நான் மான் வேட்டைக்குப் போகிறவன். கோதுகளைத் துலக்கி, மருந்து நிரப்பித் திரும்பப் பாவிப்பேன். கை நடுக்கம் வந்தபிறகு முடியவில்லை. மெஷின் எதற்கு வாங்குகிறாய், நானே செய்து தருகிறேன் என்றார் உன் அப்பா. எங்கள் வீட்டு விளக்கே புளியில்தான் மின்னுகிறது என்றார்."

"அவர் இதைத் தொட்டவரோ? கேள்," என்றார் அம்மா.

"வெறுங்கையால் ஒருநாளும் இல்லை. கையுறை போட்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் கவிழ்ப்பார். ஏன் என்று கேட்டேன். மனைவியின் தம்பி என்றார். அப்படியானால் வேண்டாம் என்றேன். பேசாமல் கூலிக்கு மான் இறைச்சி கொண்டு வா என்றார்."

அம்மா நிமிர்ந்தார். "என்ன மான்? அப்ப சனிக்கிழமையில அவர் கொண்டுவந்து நான் காய்ச்சினது ஆடு இல்லையோ?"

எனக்கும் அது அப்போதுதான் விளங்கியது.

"நீயும் ரெண்டாந்தரம் கேட்டு வாங்கித் திண்டனி!"

கிரெய்க் போனபின் அம்மாவைக் காணவில்லை. கராஜில், வாளிக்கு முன்னால் குந்தியிருந்தார்.

"இவ்வளவு புளியை ஆர் போடச் சொன்னது? பித்தளை சிவந்துபோச்சு. அந்த மனுசனுக்கு எதிலையும் அளவில்லை."

கையில் உங்கள் மஞ்சள் கையுறை. கோதுகளை ஒவ்வொன்றாகக் கழுவிப் பழந்துணியில் போட்டுக்கொண்டிருந்தார். முகம் மட்டும் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது.

இன்று காலை பூசைக்கு என் பக்கத்தில் இருந்தார். உங்கள் படம் எங்களைப் பார்க்கிறது. ஆனாலும், ஏனப்பா எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை?

வாளியின் பெல்ட் தளர்ந்திருக்கிறது. புதிது போட்டு, கிரெய்க் வீட்டுக்கு நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். எவ்வளவு புளி போடுவது என்று அம்மா சொல்லித் தந்திருக்கிறார். அதையும் அவருக்குச் சொல்வேன்.

மானை ஆடென்று நம்பிச் சாப்பிட்ட,
உங்கள் மூத்த மகள்