லெஸ்டரில் ஜார்ஜ் வேஷம்

அன்புள்ள தம்பிக்கு,

ஸ்பெயினில் நல்ல வெயிலாமே. இங்கே நேற்று நம் இங்கிலாந்தின் காவல் புனிதர் ஜார்ஜின் திருநாள். வழக்கம்போல மழை.

நீ வீசிவிட்டுப் போன ஜார்ஜ் வேஷத் தகரக் கவசத்தைப் போட ஆளில்லாமல், இந்த வருஷம் ஊர்வலமே வேண்டாம் என்றுதான் இருந்தோம். எதிர்வீட்டு பஸ் டிரைவர் சுக்பீர் வந்து நின்றார். "தலைப்பாகை மேல ஹெல்மெட் ஏறாதுக்கா. மத்தபடி ஜார்ஜ் வேஷம் நான் கட்டறேன்" என்றார். ஜார்ஜ் வெட்டிக் கொல்லும் டிராகன் வேஷத்துக்குள் முன்கால் பக்கத்துவீட்டு நஸ்ரீன், பின்கால் எப்போதும்போல நான்.

சந்தைத் திடலில் மழை கொட்டித் தீர்த்தது. ஒருத்தரும் நகரவில்லை. "சும்மா தூறல்தான்" என்று ஒருவருக்கொருவர் பொய் சொல்லிக்கொண்டு, டீக்கு வரிசை கலையாமல் நின்றார்கள். சுக்பீர் வாளை உயர்த்தியதும் "இங்கிலாந்து" என்று திடலே அதிர்ந்தது. டிராகனுக்குள் நஸ்ரீன் அழுதாள். நானும்தான். நீ வாள் தூக்கிய பதினெட்டு வருஷத்தில் அந்தச் சத்தம் கேட்டதில்லை.

எதிர்வீட்டையும் பக்கத்துவீட்டையும் காட்டி, "இங்க இங்கிலாந்தே இல்லக்கா" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினாய்.

கவசம் இனி சுக்பீருக்குத்தான். எனக்கு முட்டி வலி தாங்கவில்லை. அடுத்த வருஷம் வா, பின்கால் காலியாக இருக்கிறது.

உன் அக்கா