வைத்தியருக்கு நான் கொடுத்த குரல்

1977 ஜனவரி 14, ப்ராக்

படப்பிடிப்பு முடிந்தது. இனி அந்தப் பாதிரியார் அங்கி வேண்டாம், கழுத்தெல்லாம் ஒரே அரிப்பு! விருந்தில் வாத்து வறுவல்; பீருக்கு அளவே இல்லை. எல்லோரும் கேட்டார்களே என்று நண்பன் ராடிம் மாதிரிப் பேசிக் காட்டினேன். படத்தில் அவன்தான் வைத்தியர். வெள்ளிச் சுரங்கத்தில் செத்த பெண்ணின் உடலை அறுத்து, நுரையீரலைக் காட்டி, "பேய் கொல்லவில்லை, தூசி கொன்றது" என்கிறவன். அவனைக் கொளுத்தத் துடிக்கும் பாதிரியார் நான். என் மிமிக்ரிக்கு ராடிமே கண்ணில் நீர் வரச் சிரித்தான். ஸ்டுடியோ அதிகாரி தோழர் குடேலா அவனைவிட அதிகம் சிரித்தார்.

ஜனவரி 31

நடிகர்கள் எல்லோரையும் தியேட்டருக்கு வரச்சொன்னார்கள். யாரோ சில எழுத்தாளர்கள் அரசை எதிர்த்து ஒரு மனு எழுதினார்களாம். அதைக் கண்டித்து நாங்கள் கையெழுத்துப் போட வேண்டும். மனுவை எங்களில் ஒருவர்கூடப் பார்த்ததில்லை. ராடிம் எழுந்தான். "அதைக் கொஞ்சம் காட்டுங்களேன். படிச்சுட்டுத் திட்டுறேன்."

காட்டவில்லை. அவன் போடவில்லை.

நான் போட்டேன். முன்னால் நின்றவர் பேனாவை நீட்டினார், வாங்கிப் போட்டுவிட்டேன்.

பிப்ரவரி 9

ராடிமைத் தூக்கிவிட்டார்கள்! நாடகம், ரேடியோ, சினிமா எல்லாவற்றிலிருந்தும். ஆஸ்பத்திரிக் கொதிகலன் அறையில் கரி அள்ளிப் போடுகிறானாம். ராடிமா? கரியா?

பிப்ரவரி 15

குடேலா கூப்பிட்டார்.

"படத்தை மறுபடி எடுக்கக் காசில்ல தோழரே. அவன் மூஞ்சி பரவாயில்ல. தாடியும் விக்குமா இருக்கு, யாருக்கு அடையாளம் தெரியப் போகுது? குரல்தான் வம்பு. ரேடியோவுல குழந்தைங்களுக்குக் கதை சொல்லிச் சொல்லி நாட்டுக்கே தெரிஞ்ச குரலாச்சே. டப்பிங் இன்னும் பாக்கி. வைத்தியருக்கும் நீங்களே பேசிடுங்க. அவன் இழுக்கறது, மூச்சு விடறது எல்லாம் உங்களுக்கு அத்துப்படி, உதட்டசைவுக்குக் கச்சிதமா பொருந்தும். விருந்துல கேட்டேனே!"

"நான்தானே பாதிரியார்?" என்றேன்.

"கொஞ்சம் தொண்டையை மாத்திக்குங்க. ஆனா அவன் குரலா மட்டும் இருக்கக் கூடாது."

இது போதாதென்று விசாரணைக் காட்சியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். "உண்மையைச் சொன்னவனைச் சர்ச் என்ன பாடு படுத்தியிருக்கு பாருங்க!" நடிப்பில்லை. மனுஷனுக்கு நிஜமாகவே கண் கலங்கியிருந்தது. அட கடவுளே, இந்த ஆளுக்கு ஒன்றுமே உறைக்கவில்லையா?

வீட்டில் என் மனைவி ஸ்டெனா ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "நீ மாட்டேன்னா இன்னொருத்தன் பேசுவான். உனக்குப் பக்கத்துல இன்னொரு கரி மண்வெட்டி குடுப்பாங்க. நம்ம பொண்ணுக்கு அப்புறம் எந்தக் காலேஜ்ல இடம் கிடைக்கும்?"

பிப்ரவரி 17

ராடிமைப் பார்க்கப் போனேன். முகமெல்லாம் கரி. விஷயத்தைச் சொன்னதும் மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டு நிதானமாக யோசித்தான்.

"நீயே பேசுடா. வேற எவனாவது பேசினா அழுது வடிஞ்சு கெடுத்துருவான். அந்தக் கடைசி வசனத்தை மட்டும் கத்தித் தொலைக்காதே. சும்மா சொல்லு."

மாட்டேன் என்று சொல்வான், சட்டையைப் பிடிப்பான் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். திட்டியிருந்தால் நிம்மதியாகத் திரும்பியிருப்பேன். பாவி, ஒரு வார்த்தை திட்டவில்லை.

மார்ச் 2

டப்பிங் அறைத் திரையில் அதே துண்டுப்படம் திரும்பத் திரும்ப ஓடுகிறது. காதில், பாதிரியாருக்காக ஏற்கனவே பதிவான என் குரல்: "பார்க்கவில்லை என்று சொல், உயிரோடு போகலாம்." உடனே ராடிமின் உதடு அசைகிறது. நான் சொல்கிறேன்: "கண்ணால் பார்த்தேன். பார்க்கவில்லை என்று எப்படிச் சொல்வேன்?"

கத்தவில்லை. அவன் சொன்னபடி சும்மாதான் சொன்னேன். உதட்டோடு அப்படியே ஒட்டிக்கொண்டது. இயக்குநர் ஹினெக் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "சரியா இருக்கு. வீட்டுக்குப் போ."

மார்ச் 3

ஸ்டெனா காபி வேண்டுமா என்று கேட்டாள். பதில் சொல்ல வாயைத் திறந்தால் யார் குரல் வருமோ என்று பயமாக இருந்தது.

செப்டம்பர் 16

முதல் காட்சி. நடிகர் பட்டியலில் வைத்தியருக்குப் பெயரே போடவில்லை. படம் முடிந்ததும் எழுந்து நின்று கைதட்டினார்கள். குடேலா என்னைக் கட்டிப்பிடித்தார்.

வாசலில் ராடிமின் அம்மா, மருமகள் கையைப் பிடித்தபடி நின்றிருந்தார். சர்க்கரை வியாதியில் கண் போய்விட்டது. மகனுக்கு நடந்ததை வீட்டில் அவரிடம் மறைத்துவிட்டார்களாம். நான் நழுவப் பார்த்தேன். ஸ்டெனா "விலேம்!" என்று கூப்பிட்டுத் தொலைத்தாள்.

"விலேமாப்பா? பாதிரியார் நீதானே, கேட்டதுமே தெரிஞ்சுபோச்சு! என்னமா பேசியிருக்கே! ஆமா, வைத்தியர் வேஷம் ராடிமுக்குன்னு சொன்னாங்களே. ஏன் மாத்திட்டாங்க?"

அவர் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யாரோ தெரியல, குரல் நல்லாத்தான் இருக்கு. ஆனா கண்ணால பார்த்தேன்னு சொல்றான் பாரு, அங்கதான் சரியில்ல. அவன் பார்க்கலப்பா. பொய் சொல்றான். நான் பாதிரியாரைத்தான் நம்பினேன்."

டிராம் வந்தது. மருமகள் அவரைக் கைத்தாங்கலாக ஏற்றினாள். ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை.