நிரோஷாவின் அடையாள அட்டை

வெள்ளவத்தை,
25.10.2024, வெள்ளிக்கிழமை.

அன்புள்ள இராமலெட்சுமி அக்காவுக்கு,

யோகேஸ்வரி டீச்சர் எழுதிக்கொள்வது. நீங்களும் வீட்டாரும் சுகமாயிருக்கப் பிள்ளையாரை வேண்டுகிறேன். உங்கள் மகள் நிரோஷா அங்கே வந்து சேர்ந்தாளா? முதலில் அதைச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

புதன்கிழமை காலை தேங்காய் வாங்கக் கீழே போனவள் திரும்பி வரவில்லை. இன்றோடு மூன்று நாள். உங்கள் நம்பருக்கு எத்தனை தடவை போன் எடுத்தேன் என்று எனக்கே தெரியாது. மஸ்கெலியாப் பக்கம் மழைக்குக் கரண்ட் இல்லையோ, அல்லது என் நம்பரைக் கண்டுதான் எடுக்காமல் விடுகிறீர்களோ. தபாலை நம்பி இருக்க முடியாது. புறக்கோட்டையில் உங்கள் ஊர் பஸ் கொண்டக்டர் பிரதீஸிடம் இதைக் கொடுக்கப் போகிறேன். தேயிலைத் தோட்டத்துச் சந்திக் கடையில் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன். சுற்றி வளைத்து எழுத எனக்கு நன்றாக வரும். அதனால்தான் இந்தக் கடிதத்தை இரண்டு தரம் கிழித்தாயிற்று.

வீட்டில் நான் உயர்தரப் பிள்ளைகளுக்கு ஆங்கில இலக்கியம் படிப்பிப்பது உங்களுக்குத் தெரியும். இந்தத் தவணைப் பாடம், இருநூறு வருடத்துக்கு முந்திய கவிதைகள். லண்டனில் புகைபோக்கிக்குள் ஏறிக் கரி சுரண்டிய சின்னப் பிள்ளைகள், ஆலைகளில் உழைத்துத் தேய்ந்த பெண்கள், அவர்களைக் கண்டு மனம் நொந்து எழுதிய கவிஞர்கள். படிப்பிக்கும்போது ஒவ்வொரு வருடமும் எனக்குக் கண் கலங்கும். எனக்குக் கண்ணீரும் பாடத்திட்டத்தின்படிதான் வரும்.

அப்படி ஒரு துன்பத்தைக் கொழும்பில் கண்டிருந்தால் ஒரு பக்கம் எழுதி வாருங்கள் என்றேன். சிலர் புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமிமாரை எழுதினார்கள். சிலர் கொச்சிக்கடைக் கோயில் வாசலில் கையேந்துகிறவர்களை எழுதினார்கள். உஷாந்தி என்ற பிள்ளை, ஒரு வீட்டில் வேலைக்கு நிற்கும் பெண்ணை எழுதியிருந்தாள். பெயரில்லை, ஊரில்லை. அவசர அவசரமாகக் காற்புள்ளிகளைத் திருத்தி, இருபதுக்குப் பதினெட்டுப் போட்டு, மனதைத் தொடுகிறது என்று சிவப்பு மையில் எழுதினேன். எனக்கு உறைக்கவில்லை, அக்கா. சத்தியமாக உறைக்கவில்லை.

நல்ல கட்டுரையை எழுதினவரே எழும்பி நின்று வாசிப்பது என் வகுப்பு வழக்கம். செவ்வாய் பின்னேரம் உஷாந்தி வாசித்தாள். சமையலறையில் வெங்காயம் உரித்தபடி, வகுப்பில் சொல்லும் கவிதையைத் தானும் வாய்க்குள் சொல்லிப் பார்க்கும் பெண். கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும் இரண்டு வருடத்தில் இரண்டு தரம்தான் அங்கே போனவள். தேத்தண்ணி குடிக்க அவளுக்கென்று தட்டுகளுக்குப் பின்னால் ஒரு பச்சைப் பிளாஸ்டிக் கோப்பை. அந்தக் கோப்பையில்தான் எனக்கு விளங்கியது. அந்த நேரம் பார்த்து நிரோஷா தேத்தண்ணித் தட்டத்தோடு வந்தாள். பதினொரு பிள்ளைகளும் அவளைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். அவளை உள்ளே போகச் சொன்னேன்.

வகுப்பு முடிந்ததும், பிள்ளைகளிடம் என்னைப் பற்றி என்ன கதைத்தாய் என்று அவளைக் கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லை என்றாள். நன்றி கெட்டவள் என்றேன். உன்னை என் பிள்ளை மாதிரி வைத்திருந்தேனே என்றேன். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"அந்தப் பாட்டுல வர்ற புள்ளைங்கள ஒரு நாளாச்சும் வீட்டுக்கு விட்டாங்களா டீச்சர்?"

தீபாவளிக்கு வீட்டுக்கு வர அவள் லீவு கேட்டிருந்தாள். பிள்ளைகளின் சோதனை முடியட்டும் என்றேன். போன வருடமும் அதையேதான் சொன்னேன்.

அவளுடைய உடுப்புப் பை இங்கேதான் கிடக்கிறது. போன் வைத்திருக்க நான் விடவில்லை. எல்லாவற்றையும் விட, அவளுடைய அடையாள அட்டை என் அலுமாரியில் இருக்கிறது. தொலைத்துவிடுவாள் என்று சொல்லி, வந்த அன்றே வாங்கிப் பூட்டி வைத்தேன். இங்கே எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். தமிழ்ப் பிள்ளை, பத்தொன்பது வயது, கையில் அட்டை இல்லை. பொலிஸ் மறித்து அட்டையைக் கேட்டால் என்ன சொல்வாள்? இரவில் எங்கே தங்குவாள்? வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலும் எழும்பி ஓடுகிறேன்.

நேற்றுப் பொலிசுக்கு வெளிக்கிட்டேன். அட்டையைக் கேட்பார்கள், உன் கையில் எப்படி வந்தது என்றும் கேட்பார்கள். பாதிப் படியில் திரும்பி வந்துவிட்டேன். இதை வேறு யாருக்கும் நான் சொல்லவில்லை. இன்று பஸ்ஸில் கடிதத்தைக் கொடுத்துவிட்டு நேரே அங்கேதான் போகிறேன். எதைக் கேட்டாலும் மறைக்காமல் சொல்வேன்.

இத்தனை நாளும் உங்களைப் பெயர் சொல்லி, நீ என்றுதான் கூப்பிட்டேன். நீங்கள் என்னிலும் மூத்தவர் என்று நிரோஷா ஒருமுறை சொன்னாள். கேட்டும் கேளாதவள் போல இருந்துவிட்டேன்.

அவள் வந்திருந்தால் திரும்ப அனுப்பச் சொல்லிக் கேட்கமாட்டேன். அட்டையையும் பையையும் நானே கொண்டுவந்து தருகிறேன். நான் வீட்டுப் படி ஏற வேண்டாம் என்றால், சந்திக் கடையில் கொடுத்துவிட்டுப் போகிறேன். வரவில்லை என்றால் உடனே புறப்பட்டு வாருங்கள், இரண்டு பேருமாகத் தேடுவோம். எங்கே இருந்தாலும் அவளைப் பிள்ளையார் காப்பாற்றட்டும்.

என்னோடு கதைக்க உங்களுக்கு மனம் வராவிட்டால் கதைக்க வேண்டாம். பிள்ளை வீட்டில் இருக்கிறாள் என்றால் ஒரு மிஸ்கோல் மட்டும் கொடுங்கள், அக்கா. நான் எடுக்கமாட்டேன். அது அடித்து ஓயும் மட்டும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
போனைக் கையில் வைத்திருக்கும்
யோகேஸ்வரி