பார்க்காமல் போடும் கையெழுத்து

என் செல்ல வாயாடிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்பித்தான் தொடங்குகிறேன். போனில் பேசினால் நீ அழுவாய், அதைக் கேட்டு நானும் அழுவேன், சொல்ல வந்தது சொல்லாமலே போய்விடும், அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று நீ சொன்னதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. உன்னைப் போல் பேச்சுக்கும் விழுங்குவதற்கும் பயிற்சி தருபவருக்கு உரிமம் கிடைக்க, மூத்தவர் ஒருவர் ஒரு வருடம் பக்கத்தில் நின்று அவர் வேலை செய்வதைக் கவனிக்க வேண்டும். உன் மேற்பார்வையாளர் அம்மாவோ ஆள் போதாமல் அடுத்த கட்டிடத்துக்கு ஓடி ஓடி, பாதி நாள் உன்னை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இப்போது, "பார்த்ததாவே எழுதிடறேன்மா, நீதான் நல்லா செய்றியே" என்கிறாராம். மறுத்தால் அந்த மாதங்களைத் திரும்பச் செய்ய வேண்டும், அதற்குள் வேலையே போனாலும் போகலாம், வெள்ளிக்கிழமை பதில் சொல்ல வேண்டும். அப்பாவிடம் சொன்னேன். "கையெழுத்துதானே, போட்டுட்டுப் போகட்டும், நம்ம புள்ளைக்குத் தெரியாத வேலையா" என்றபடியே தண்ணீரை மடமடவென்று குடித்துப் புரையேறி, கண்ணெல்லாம் சிவந்துவிட்டது. பக்கவாதம் வந்ததிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விழுங்க வேண்டும் என்பதை மறந்தே போகிறார், பேச்சு வந்ததும் வாய் மட்டும் பழையபடி நீண்டுவிட்டது.

அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது உன்னைப் போல் பயிற்சியில் இருந்த ஒரு பெண்தான் அவர் தொண்டையில் விரல் வைத்து, கரண்டியால் தண்ணீர் கொடுத்துப் பார்த்தாள். இருமவே இல்லை, நன்றாக விழுங்குகிறார் என்றாள். பின்னால் நின்ற மூத்த அம்மா, "இரும்மா, அவரைப் பேச வச்சுக் கேளு, குரல் ஈரமா இருக்கு, தண்ணி நுரையீரல் பக்கம் போகுது" என்று தடுத்தார். அந்தப் பெண்ணும் கெட்டிக்காரிதான் கண்ணு. என் வகுப்பில் நன்றாகப் படிக்கிற பிள்ளை என்பதற்காக எழுதாத விடைக்கு நான் மார்க் போட்டதில்லை என்பது உனக்கே தெரியும். ஆஸ்பத்திரியில் நடந்த இதை நினைவுபடுத்தியதும் அப்பா தம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "அந்தம்மா அன்னிக்கு அடுத்த கட்டிடத்துல இருந்திருந்தா?" என்று மட்டும் கேட்டார்.

அதனால் வேண்டாம் என்று சொல்லிவிடு. சண்டையாக வேண்டாம், உன் மேற்பார்வையாளரும் பாவம், உனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைக்கிறார். வேலை போனால் வீட்டுக்கு வா, உன் அறை அப்படியே இருக்கிறது. கடிதம் வருவதற்குள் அவர் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தால், உரிமம் கொடுக்கும் அலுவலகத்துக்கு நீயே பேசி உள்ளதைச் சொல். பயமாகத்தான் இருக்கும், பயத்தோடே பேசு. எங்கள் இருவர் ஆசியும் உனக்கு உண்டு.

உன் அம்மா