நீ சொன்னதும் நான் பார்த்ததும்

கேப்டன்,

இன்று சாயங்காலம் புதிய டேப் சுருள் ஒன்றைப் பிரித்தேன். பசை வாசனை குப்பென்று வந்தது. பள்ளிக்கூடம் திறந்த நாளில் புதுப் புத்தகத்தை மோந்து பார்க்கும் பிள்ளையைப் போல, ஒவ்வொரு போட்டிக்கு முன்னாலும் நீ அந்தச் சுருளை என் கையிலிருந்து பிடுங்கி மூக்கருகே வைத்துக்கொள்வாய். "இத்த மோந்தாலே எவ காலையாச்சும் புடிச்சி இழுக்கணும் போல கீது பிசியோ" என்பாய். பிடுங்குவதற்கு ஆள் இல்லாமல் சுருளைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றேன். அப்புறம் ஒரு பெண்ணின் கணுக்காலைச் சுற்றிக் கட்டி அவளை மைதானத்துக்கு அனுப்பினேன். ஆனால் உனக்கு எழுதவேண்டும் என்று அப்போதே தோன்றிவிட்டது.

ஒரகடத்தில் நம் வயர் தொழிற்சாலையின் பெண்கள் கபடி அணிக்கு நான் பிசியோதெரபிஸ்டாக வந்தபோது, கேன்டீனுக்குப் பின்னால், ஸ்டோரை ஒட்டி ஒரு சின்ன அறையைக் கொடுத்தார்கள். ஒரு கட்டில், ஒரு ஐஸ் பெட்டி, ஓர் இரும்பு அலமாரி. ஒவ்வொருத்தியின் பெயரிலும் ஒரு கோப்பு போட்டேன். எப்போது அடிபட்டது, எப்படி, என்ன சிகிச்சை செய்தேன், மறுபடி எப்போது ஆடலாம் என்று எழுதுவதற்கு. அந்தப் பக்கங்கள் வெள்ளையாகவே கிடந்தன. ஆச்சரியம், அந்த அணியில் யாருக்கும் எதுவும் வலிக்கவில்லை! நொண்டிக்கொண்டே உள்ளே வருவார்கள். கேட்டால் "ஒண்ணுமில்ல மேடம்" என்பார்கள். ஸ்ப்ரே மட்டும் அடித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

நீதான் ஒரு நாள் கதவில் சாய்ந்துகொண்டு கேட்டாய்.

"எழுதிகினே கீறியே, இத்த யாரு படிப்பாங்க?"

"நான் படிப்பேன். யாரோட பக்கமோ அவங்க படிக்கலாம்."

"லைன் சூப்பர்வைசரு?"

"அவருக்கு எதுக்கு?"

"எதுக்கா? பாதிப் பொண்ணுங்க கான்ட்ராக்ட்டு. முட்டி போச்சுன்னு பேப்பர்ல ஏறிச்சின்னா, அடுத்த தபா கூப்புடவே மாட்டாங்க. அது தெரியாம நீ பாட்டுக்குப் பேனாவத் தூக்கிகினு வந்து நின்னா, அவளுங்க எப்டி வாயத் தொறப்பாளுங்க?"

எனக்கு யாரும் சொல்லாத விஷயம் அது. அன்றைக்கே நீ எல்லாரையும் கபடி விரிப்பைச் சுற்றி உட்காரவைத்து, என்னை நடுவில் நிறுத்தினாய். "அவங்க அவங்க பக்கம் அவங்களுக்குத்தான் சொந்தம். கேட்காம யார்கிட்டயும் காட்டமாட்டேன்" என்று சொன்னேன். மறுநாள் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரு பூட்டு வாங்கிவந்து அலமாரியில் நீயே மாட்டினாய்.

முதல் பக்கம் உன்னுடையதுதான். ரெய்டு பாடி வந்தவளின் கணுக்காலைப் பிடிக்கப்போய் வலது மோதிர விரல் மடங்கிக் கொழுக்கட்டை போல வீங்கியிருந்தது. வலி எவ்வளவு என்று கேட்டேன். பூஜ்யம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் தாங்கவே முடியாது என்று விளக்கினேன்.

"பத்துன்னா இன்னா, புள்ள பெத்துக்கற வலியா?"

"அப்படியே வெச்சுக்கோயேன்."

"அப்போ ரெண்டு."

அதற்குப் பிறகு எது வந்தாலும் உனக்கு இரண்டுதான். தோள்பட்டை நழுவியபோதும் இரண்டு. தொடைச் சதை கிழிந்தபோதும் இரண்டு. நானும் அப்படியே எழுதினேன்: 'வலி இரண்டு என்கிறார்.' அடுத்த வரியில், 'கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை.' ஒரு நாள் உன் பக்கத்தைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டு இடுப்பில் கைவைத்துக்கொண்டு சண்டைக்கு வந்தாய்.

"இன்னாது, என்னப் பொய்க்காரின்னு எழுதி வெச்சிகீறே?"

"பொய்யின்னு எங்க எழுதியிருக்கேன்? நீ சொன்னதையும் எழுதினேன். நான் பார்த்ததையும் எழுதினேன்."

நீ அந்த வரிகளை மறுபடி படித்தாய். "ரெண்டுமே நெசந்தான்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாய். அறைக்கு வெளியே காத்திருந்த பெண்களுக்கும் அந்தச் சிரிப்பு கேட்டிருக்கும்.

அந்த வருஷம் கோப்பை நமக்கு வந்தது. அடுத்த மாதமே மனிதவளத் துறை அதிகாரி என்னைக் கூப்பிட்டனுப்பினார். நல்ல மனிதர், மரியாதையாகத்தான் பேசினார். ஒப்பந்தம் நீட்டிக்கும் நேரம், யார் யாருக்கு அடிக்கடி அடிபடுகிறது என்று பார்க்கவேண்டும், கோப்புகளை அனுப்பிவையுங்கள் என்றார். தரமுடியாது என்றேன். "ரூம் கம்பெனியோடது, பேப்பர் கம்பெனியோடது. உங்களுக்குச் சம்பளமும் கம்பெனிதான் குடுக்குது மேடம்" என்றார். அவர் குரல் உயரவில்லை. வெளியே வந்தபோது எனக்குப் புரிந்துவிட்டது. நான் முடியாது என்றால் என்னை அனுப்பிவிட்டு இன்னொருவரை வைப்பார்கள். வருகிறவர் அலமாரியைத் திறந்து கொடுத்துவிடுவார். உன்னிடம் சொன்னேன். "என் பக்கத்த மட்டும் எடுத்து வெய்யி" என்றாய்.

மறுநாள் ஷிஃப்ட் முடிந்ததும் யூனிஃபார்மோடேயே அவர் அறைக்குள் போனாய். நான் பின்னால் வந்தேன். அவர் உட்காரச் சொல்லியும் நீ உட்காரவில்லை.

"சார், என் பக்கம் எனக்குச் சொந்தம்னு பிசியோ சொல்லிகீறாங்க. அதனால நானே படிக்கறேன். கேட்டுக்கோங்க."

நான் எழுதியதை ஒவ்வொரு வரியாகப் படித்தாய். நடுநடுவே உன் சொந்த விளக்கமும் சேர்ந்தது.

"வலது மோதிர வெரலு. இது செமி ஃபைனல்ல ஆனது சார். பெரிய மேனேஜரு கை குடுத்து போட்டோ எடுத்துக்கினாரே, ரிசப்ஷன்ல மாட்டிகீதே, அந்தக் கையிதான். வலது தோளு. இது ஃபைனல்ல. அந்தத் தோளோடதான் கோப்பையத் தூக்கினேன். அடுத்த நாளே லைனுக்கும் வந்துட்டேன், லீவு போடல. அதுவும் எழுதிகீது பாருங்க."

அவர் "போதும்மா" என்றார்.

"இன்னும் கீது சார்."

"போதும். புரியுது."

"என்னுது உங்களுக்குக் குடுத்துட்டேன். இத்த வெச்சி என்னத் தூக்கணும்னா தூக்கிக்கோங்க. மத்தவளுங்கள்து அவளுங்களக் கேட்டுதான்."

அவர் உன் பக்கத்தை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். கடைசியில், போட்டிக்கு முன்னால் ஆடலாமா கூடாதா என்று மட்டும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தால் போதும் என்றார். உன் பக்கத்தையும் திருப்பிக் கொடுத்தார். அதன் பிறகு அந்தக் கோப்புகளை யாரும் கேட்கவில்லை. நாம் படியிறங்கி வரும்போதுதான் உன் முதுகைப் பார்த்தேன். சட்டை முழுக்க வியர்வையில் ஒட்டியிருந்தது. இப்படிப் பயந்துகொண்டா நின்றாய் என்று கேட்டேன். "பின்ன? வூட்ல பொண்ணு கீதே, அதுக்கு ஃபீஸ் யாரு கட்றது?" என்றாய்.

அந்த வாரமே தேன்மொழி வந்தாள். நம் ரெய்டர், ஒரு வார்த்தை பேசாதவள். கட்டிலில் உட்கார்ந்து பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டி, பல மாதமாக மறைத்து வைத்திருந்த வீக்கத்தைக் காட்டினாள். "எழுதிக்கோங்க மேடம்" என்றாள். அந்த முட்டிக் காயத்தை நேரத்தோடு கண்டுபிடித்துவிட்டோம். இன்றைக்கும் அவள் ஆடுகிறாள், கேப்டன். உன் இடத்தில் இப்போது அவள்தான் டாஸ் போடுகிறாள்.

அடுத்த சீசன் தொடங்கும்போது உனக்கு முதுகு பிடித்துக்கொண்டது. சாதாரணப் பிடிப்பு என்றுதான் நீயும் நினைத்தாய், நானும் நினைத்தேன். ஒத்தடம் கொடுத்தேன், பயிற்சி சொல்லிக்கொடுத்தேன். வழக்கம்போல எழுதினேன். எழுதியதை மறுபடி படித்தபோது எனக்குச் சரியாகப் படவில்லை. சதைப் பிடிப்பு என்றால் படுத்தால் குறையவேண்டும். உனக்குப் படுத்தால்தான் அதிகம். இடுப்பில் நிற்காத யூனிஃபார்ம் பேன்ட்டுக்கு பெல்ட் போட ஆரம்பித்திருந்தாய். அன்று பயிற்சிக்கு முன்னால் வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாய். எவ்வளவு என்று கேட்டேன்.

"ஆறு."

நான் எழுதவில்லை. "என்ன சொன்ன?"

"ஆறு, பிசியோ. தூங்க வுட மாட்டேங்குது."

ஐஸ் பெட்டியை மூடினேன். அங்கேயே உட்கார்ந்து, நடந்ததையெல்லாம் டாக்டருக்கு ஒரு கடிதமாக எழுதினேன். மறுநாள் காலை உன் வீட்டுக்காரர் தான் ஓட்டும் ஷிஃப்ட் பஸ்ஸை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு வந்தார். மூன்று பேருமாகச் சென்னைக்குப் போனோம். கடிதத்தைப் படித்த டாக்டர் அன்றைக்கே ஸ்கேனுக்கு அனுப்பினார். முதுகெலும்பில் கட்டி. வேறெங்கோ தொடங்கி அங்கே வந்து சேர்ந்திருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். உன் வீட்டுக்காரர் கொஞ்சம் தள்ளி, முகத்தை அந்தப்பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். நான் உன்னிடம் கேட்டேன்: "இப்பவாவது உண்மையைச் சொல்லு. ஆறா?"

"ஒம்பது" என்றாய். சொல்லிவிட்டு நீ சிரித்தாய். எனக்குத்தான் அழுகை வந்தது.

சிகிச்சை உனக்கு மேலும் ஒரு சீசனைக் கொடுத்தது. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, மைதானத்தின் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "கார்னர்ல தூங்கறியாடி?" என்று நீ கத்திய கத்தலில் எதிரணிப் பெண்களும் திடுக்கிட்டார்கள். உன் அம்மா வல்லக்கோட்டை முருகனுக்கு வேண்டிக்கொண்டு எடுத்துவந்த விபூதியை உனக்கு மட்டும் பூசாமல் அணி முழுவதற்கும் பூசச் சொன்னாய். நடுவரிடமும் நீட்டினாய்.

அப்புறம் வார்டு. நான் ஒரு மதியம் வந்தபோது உன் உடம்பு கட்டிலில் பாதிகூட இல்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். எங்கே வலிக்கிறது, எந்தப் பக்கம் திரும்பினால் அதிகம், மாத்திரை போட்டு எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று கேட்டுக்கொண்டே பையிலிருந்து பேனாவை எடுத்துவிட்டேன்.

"பிசியோ," என்றாய், "இன்னிக்கி எழுதாத. வந்து பக்கத்துல குந்து."

பேனாவைப் பைக்குள் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். உன் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். நான் கேட்கவில்லை, நீயே பேசினாய். வலியைப் பற்றி ஒன்றுமே இல்லை. பெண்ணுக்குக் கபடி பிடிக்கவில்லை, செஸ் ஆடுகிறாள் என்று குறைப்பட்டாய். இருட்டு என்றால் உனக்குச் சின்ன வயசிலிருந்து பயம் என்றாய். இத்தனை வருஷம் உன் ஒவ்வொரு மூட்டையும் தெரிந்த எனக்கு அது தெரியாது. பேசிக்கொண்டே தூங்கிப்போனாய். பார்வையாளர் நேரம் முடிந்தது என்று நர்ஸ் வந்து தொடும்வரை நான் எழுந்திருக்கவில்லை.

நீ போன பிறகும் எல்லாவற்றையும் எழுதுகிறேன், கேப்டன். ஆனால் எழுதுவதற்கு முன்னால் உட்கார்ந்துவிடுகிறேன். போன வாரம் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து புதிதாகச் சேர்ந்த ஒருத்தி, தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். இருங்காட்டுக்கோட்டையில் நாலைந்து பேரோடு வாடகை ரூமில் இருப்பவள். ஒன்றும் கேட்காமல் அவள் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தேன். வெளியே பயிற்சி நடக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் கழித்து, "எக்கா," என்றாள், "ஒண்ணு சொன்னா ஏசமாட்டீயளே?"

"சொல்லும்மா" என்றேன்.