மூலையில் நிறுத்திய எந்திரம்

அன்பு மகளுக்கு,

சளி விட்டதா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா. இங்கே உடம்புக்கு எல்லாரும் சுகம்தான், மனசுக்குத்தான் ஒருத்தரும் சுகமில்லை. போனில் சொன்னால் உன் அம்மா காதில் விழும், அதனால் லிஃப்ட் ரிப்பேர் ரசீது எழுதிப் பழகின கையெழுத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொண்டு படி.

நீ கதை எழுதின விண்வெளித் தொடர் எபிசோடைப் பார்த்தோம். சும்மா பார்த்திருக்கலாம், கீழ்வீட்டுத் தையல்காரரையும் அவர் மனைவியையும் கூப்பிட்டு உட்காரவைத்து, நாற்காலி பத்தாமல் என் கருவிப் பெட்டிமேல் நான் உட்கார்ந்து, கலம் கிளம்பினதும் இதெல்லாம் என் மகள் மூளை என்று வேறு அளந்தேன். அப்புறம்தான் கலத்துக்குள் அப்பாவும் மகனும் முகம் பார்த்துப் பேசுவதில்லை, நடுவில் ஒரு எந்திரம் இவர் சொல்வதை அவனிடமும் அவன் சொல்வதை இவரிடமும் கொண்டுபோகிறது என்று வந்தது. தையல்காரர் என்னைப் பார்த்தார், நான் ஃபேனைப் பார்த்தேன். தண்ணீர் குடிக்க எழுந்துபோன உன் அண்ணன் திரும்பி வரவே இல்லை.

அந்த அப்பனை நீ எழுதினதில் தப்பே இல்லை, மூக்கைச் சொறிவதுகூட என்னை மாதிரிதான். ஆனால் காற்று தீர்கிறது என்றதும் ரெண்டு பேரும் ஐந்தே நிமிஷத்தில் கட்டிப்பிடித்துக்கொண்டார்களே, அதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. சிக்கின லிஃப்டைத் திறக்கவே எனக்கு அரைமணி ஆகும். நான் பார்த்துக்கொடுத்த வேலையை விட்டான் என்று கூட்டாளிகள் முன்னால் உன் அண்ணனைத் தண்டச்சோறு என்று சொன்னவன் நான், அது நாலு வருஷமாகியும் ஆறவில்லை. இவ்வளவுதானா கதை என்று தையல்காரர் மனைவி கேட்டபோது எனக்கும் சப்பென்று ஆகிவிட்டது.

அதெல்லாம் போகட்டும். மறுநாள் காலையில் வழக்கம்போல உன் அம்மாவிடம், குளிக்கிற ரூம் குழாயை ஒழுங்காக மூடச் சொல்லு அவனை என்றேன். சார்ஜ் தீர்ந்துபோச்சு, நீங்களே போய்ச் சொல்லுங்க என்றாள். சிரித்துவிட்டேன், அவள் சிரிக்கவில்லை. கதையில அப்பனும் மகனும் கட்டிப்பிடிச்சீங்க சரி, அந்த எந்திரத்தை மூலையில நிறுத்திட்டு ஒருத்தராவது திரும்பிப் பாத்தீங்களா, எழுதினவளுக்காவது தோணிச்சா என்று கேட்டாள். ஒன்பது நாளாகிறது. என்னிடமும் பேசுகிறாள், அவனிடமும் பேசுகிறாள், ஒரு சொல்லைக்கூட இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் கொண்டுபோவதில்லை. அவனுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்து ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறான் என்பதையே தையல்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன், பெற்றவன் லட்சணம் அப்படி.

நேற்று துணிந்து அவன் ரூம் வாசலில் போய் நின்றேன். போகாதேடா என்று சொல்லத்தான் போனேன், வாயில் வந்தது கத்தரிக்கோல் இருக்கா. கொடுத்தான். வெட்ட ஒன்றும் இல்லாமல் கண்ணாடி முன்னால் நின்று மீசையை வெட்ட, ஒரு பக்கம் கூடுதலாகப் போய்விட்டது. பின்னாலிருந்து, அந்தப் பக்கமும் கொஞ்சம் எடுங்க என்றான். நாலு வருஷத்தில் அவன் என்னிடம் நேராகச் சொன்னது அதுதான். கேட்கவேண்டிய மன்னிப்பை இன்னும் கேட்கவில்லை. இன்னும் மூன்று நாள் இருக்கிறது.

என் பாடு என்னோடு. உன் தொடர் வருகிற நேரத்தில் அம்மா டிவியை அணைத்துவிட்டுத் துணி மடிக்கிறாள். உன் போன் வந்தால் எடுத்து என்னிடம் நீட்டுகிறாள். அவளை வேண்டுமென்று அப்படி எழுதியிருக்கமாட்டாய், தெரியும். நானும் அண்ணனும் மட்டும் வேண்டுமென்றா செய்தோம்? இதைக் கூரியரில் போடுகிறேன், நாளைக்கே கிடைத்துவிடும். சனிக்கிழமை சாயங்காலம் வேலை விட்டு நான் வர ஏழு மணி ஆகும், அதற்கு முன்னால் கூப்பிடு, அவள்தான் எடுத்தாகவேண்டும். மன்னிப்புக் கேட்டேன்னு அம்மாகிட்ட சொல்லிடுங்கப்பா என்று மட்டும் எனக்கு எழுதாதே. நான் சொல்லமாட்டேன்.

நீ நன்றாக இருக்கவேண்டும், இன்னும் நிறைய எழுதவேண்டும். சளி போகும்வரை தலையை ஈரமாக விடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா