அண்ணன் அரக்கு

என்னை மடியில் உட்கார வைத்துக் காது குத்திய என் மாமாவுக்கு,

நீங்கள் முதலில் எதைக் கேட்பீர்கள் என்று தெரியும். அம்மா நன்றாக இருக்கிறாள். முழங்கால்தான் மக்கர் செய்கிறது, வாய் அப்படியே இருக்கிறது. தினமும் உங்கள் படத்துக்குப் பூ வைக்கிறாள், வைத்துவிட்டு உங்களோடு சண்டையும் போடுகிறாள். குடவாசல் பக்கம் இந்த வருஷம் தாளடி நெல் நன்றாக விளைந்து, அறுப்பும் மழைக்கு முன்னால் முடிந்துவிட்டது.

அடுத்த செய்தியைக் கேட்டால் மீசையைத் தடவிக்கொள்வீர்கள். லாரி ஓட்ட ஹெவி லைசென்ஸுக்கு மனு போட்டிருக்கிறேன் மாமா. குட்டியானை வண்டியில் பாத்திரமும் பந்தலும் ஏற்றி ஏற்றிச் சலித்துப் போனேன். என்னோடு படித்த செல்வம் சொந்தமாக லாரி வாங்கியிருக்கிறான். கொள்முதல் நிலையத்தில் நெல் மூட்டை ஏற்றி, நீடாமங்கலம் ரயிலடியில் இறக்குகிற வேலை. "கோவிந்தராசு மருமவன் இருக்கும்போது வேற டிரைவர் எதுக்குடா? நீதான் ஓட்டுற" என்றான். உங்கள் பேருக்கு ஊரில் இன்னும் அந்த மதிப்பு இருக்கிறது.

எல்லாம் சரிதான். கண்தான் இடித்தது.

எப்படிச் சொல்வது உங்களுக்கு? தஞ்சாவூர் போகிற வழியில் ஒரு பாலத்து வேலை நடந்தது. ஒரு பக்க வண்டியை நிறுத்தி மறுபக்கம் விடுகிறார்கள். விளக்குக் கம்பம் இல்லை. ஒரு ஆள் கொடி பிடித்துக்கொண்டு நின்றார். விளக்கென்றால் மேலே எரிந்தால் நில், கீழே எரிந்தால் போ என்று இடத்தை வைத்து ஓட்டிவிடுவேன். கையில் தொங்குகிற கொடிக்கு மேல் ஏது, கீழ் ஏது? சிவப்பா பச்சையா என்று தெரியாமல் நின்றுவிட்டேன். பின்னால் இருந்தவனெல்லாம் ஹாரனை அமுக்கித் தீர்த்தான். கடைசியில் கொடிக்காரரே ஓடி வந்து, "யோவ், பச்சையக் காட்டிக்கிட்டே நிக்கிறேன், மாப்பிள்ள ஊர்வலமா வந்துருக்க? போய்யா!" என்று கத்தினார். சிரித்துக்கொண்டே போனேன். பாலம் தாண்டியதும் வண்டியை ஓரம் கட்டினேன். குட்டியானை என்பதால் நின்றது. முதுகில் டன் கணக்கில் நெல்லோடு வந்திருந்தால் நினைத்த இடத்தில் நிற்குமா?

அப்போதுதான் உங்கள் ஞாபகம் வந்தது. உங்கள் லாரியில் சிக்னல் வந்தால் கிளீனர் வாயை மூடக் கூடாது என்று ஒரு சட்டம் வைத்திருந்தீர்களே! "செவப்புண்ணே... செவப்புண்ணே... பச்ச போட்டான், போலாம்ணே" என்று அவன் ஓதிக்கொண்டே இருக்க வேண்டும். புதுசாகச் சேர்ந்த கிளீனரெல்லாம், "அண்ணனுக்குப் பேச்சுத் துணை இல்லாம முடியாது" என்று கேலி செய்வார்கள். ஊரில் எல்லோரும் கதிரின் நிறத்தைப் பார்த்து அறுப்புக்கு நாள் குறித்தால், நீங்கள் மட்டும் ஒரு நெல்லை உருவிப் பல்லில் வைத்து, "இன்னும் பால் இருக்கு, பொறுங்க" என்பீர்கள். என்ன நிதானம் இந்த மனுஷனுக்கு என்றார்கள். நானும் பல்லில்தான் வைத்துப் பார்க்கிறேன் மாமா. எனக்கும் வேறு வழியில்லை.

பிறகு அந்தப் புடவை. அதை எப்படி மறக்க? என் காதுகுத்துக்கு அம்மா உங்களிடம் கருஞ்சிவப்பாக, அரக்கு நிறத்தில் பட்டுப்புடவை கேட்டாள். கும்பகோணம் போய், கடைக்காரர் எடுத்துப் போடுமுன் நீங்களே அலமாரியில் விரலை நீட்டி எடுத்து வந்தீர்கள். தட்டிலிருந்து எடுத்துப் பிரித்தால் நல்ல பாசிப்பச்சை என்றார்கள் எல்லோரும். "இதுதான் அரக்கு" என்று நீங்கள் சாதிக்க, "கொறஞ்ச வெலைக்கு வாங்கிட்டு சமாளிக்கிது பாரு எங்க அண்ணன்" என்று அம்மா சபையில் மூக்கைச் சிந்தினாளாம். அன்றிலிருந்து நம் வீட்டில் பாசிப்பச்சைக்கே 'அண்ணன் அரக்கு' என்று பேராகிவிட்டது. குளத்துப் பாசியும் அண்ணன் அரக்கு, பக்கத்து வீட்டு ஜன்னலும் அண்ணன் அரக்கு. நீங்களும் கூடவே சிரித்தீர்கள். சிரிக்கும்போது உள்ளே என்ன நினைத்தீர்கள்? உங்களுக்கே தெரியுமா, தெரியாதா?

செல்வத்திடம் கண் விஷயத்தைச் சொன்னேன். அவன் அசரவில்லை. "ப்பூ, இவ்ளோதானா? லைசென்ஸுக்குக் கண்ணு பாக்குற டாக்டர் ஒரு புத்தகம் காட்டுவாங்க. பூராப் புள்ளியா இருக்கும், அதுக்குள்ள ஒரு நம்பர் இருக்கும். பக்கத்துக்குப் பக்கம் படம் அனுப்புறேன், மனப்பாடம் பண்ணிரு" என்றான். அனுப்பியும் வைத்தான். பள்ளிக்கூடத்தில் ஒரு செய்யுள் மண்டையில் ஏறாத எனக்கு, அந்தப் புத்தகம் ஒரே மூச்சில் ஏறிவிட்டது. வேலை கிடைத்துவிடும், ஆனால் கொடிக்காரர் அங்கேயேதான் நிற்பார். அதுதான் என்னை உறுத்தியது.

டாக்டரிடம் உள்ளதைச் சொல்லிவிடப் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். "மாமாவுக்கும் இதுதாம்மா இருந்திருக்கும்" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னதுதான் வினையாகப் போயிற்று. கையிலிருந்த கரண்டியோடு வந்து நின்றாள்.

"எங்க அண்ணன் கடைசி வரைக்கும் வண்டி ஓட்டுச்சு. ஒரு கோழிக்குஞ்சு மேல ஏத்தியிருக்குமா? போய்ச் சேந்த மனுசன் மேல கண்ணு நொள்ளன்னு பழி போடுவியா? ஒனக்கு லைசென்ஸே வேணாம் போ!"

"பழி இல்லம்மா, அது ஒடம்பு வாகு."

"ஒடம்பு வாகாம்! டாக்டர்கிட்ட அண்ணன் பேர மட்டும் எடுத்த, நான் மனுசியா இருக்க மாட்டேன்."

சொன்னதோடு விடவில்லை. நான் வாய் தவறிவிடக் கூடாது என்று, முழங்கால் வலியோடு பஸ் ஏறி என்கூடவே தஞ்சாவூருக்கு வந்துவிட்டாள்.

கண் டாக்டர் ஒரு அம்மா. புத்தகத்தை எடுத்ததுமே எனக்கு வியர்த்தது. "மேடம், இத நான் மனப்பாடம் பண்ணிட்டுத்தான் வந்துருக்கேன். கேட்டா கடகடன்னு சொல்லிருவேன். ஆனா எனக்கு ஒரு நம்பரும் தெரியல" என்றேன். அவர், "இப்படி ஒருத்தர் சொல்லி நான் கேட்டதே இல்ல" என்று சிரித்துவிட்டு, புத்தகத்தை நடுவில் பிரித்து நீட்டினார். பக்கத்தில் இருந்த அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. குனிந்து எட்டிப் பார்த்தாள்.

"டேய், இந்தா எட்டு! இவ்ளோ பெருசா இருக்கேடா, இது தெரியலையா?"

விரலால் அந்த எட்டை வளைத்து வளைத்துக் காட்டினாள். நானும் அவள் விரலையே பார்த்தேன். எனக்கு அங்கே வெறும் புள்ளிதான் மாமா. என் முகத்தைப் பார்த்தவள் விரலை எடுக்காமல் அப்படியே நின்றுவிட்டாள்.

டாக்டர், "உங்க குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி இருக்கா?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை, சத்தியமாக. அம்மாதான் சொன்னாள்.

"எங்க அண்ணனுக்கு இருந்துச்சும்மா. லாரி டிரைவரு. அதுக்குத் தெரியலங்கிறதே எங்களுக்குத் தெரியல."

இது பெண்கள் வழியாக இறங்கி ஆண்பிள்ளைகளிடம் வெளிப்படுகிற குறை என்று டாக்டர் விளக்கினார். உங்கள் அம்மாவிடமிருந்து உங்களுக்கும், அவர்களிடமிருந்தே என் அம்மா வழியாக எனக்கும் வந்திருக்கிறது. அப்புறம் வேறு சோதனையும் செய்தார். எனக்கு இருப்பது நடுத்தரமாம். முழுக்கவே நிறம் பிரியாதவர்களுக்குத்தான் இப்போது லைசென்ஸ் இல்லை, தம்பிக்குக் கிடைக்கும், ஆனால் உள்ளது உள்ளபடிதான் எழுதித் தருவேன் என்றார். "அதுதான் வேணும் மேடம்" என்றேன். பழகுவதற்கான எல்எல்ஆர் கையில் வந்துவிட்டது. செல்வத்திடம் சொன்னதும் முறைத்தான். பிறகு, "வாயாடியா ஒரு கிளீனரத் தேடணும் இப்ப" என்றான். உங்கள் சட்டம் மறுபடி அமலுக்கு வருகிறது மாமா.

அன்று தஞ்சாவூரிலிருந்து வீட்டுக்கு வந்ததும் அம்மா பீரோவைத் திறந்தாள். அடியிலிருந்து அந்தப் புடவையை எடுத்து என் மடியில் போட்டாள். எத்தனையோ வருஷமாக வீடே அதைச் சொல்லிச் சிரித்தபோது, நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரிந்ததே இல்லை. என்னிடம் யாரும் கேட்டதும் இல்லை.

"இது என்ன கலருடா?"

"அரக்கும்மா."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். புடவையை வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்க அண்ணன் எனக்கு அரக்குதான்டா எடுத்துக் குடுத்துருக்கு" என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

வண்டி முதல் நடை கிளம்புகிற அன்று அதைத்தான் கட்டிக்கொண்டு வந்து எலுமிச்சம்பழம் வைப்பாளாம். யாராவது பச்சைப்புடவை என்று சொல்லட்டும், அப்புறம் இருக்கிறது அவர்களுக்கு. உங்களுக்கு நான் தருகிற வாக்கு ஒன்றுதான் மாமா. கொடி புரியாத இடத்தில் வண்டியை நிறுத்துவேன், இறங்கிப் போய், "அண்ணே, எனக்குக் கலர் தெரியாது, வாயால சொல்லுங்க" என்று கேட்பேன். வெட்கப்பட மாட்டேன். உங்களால் யாரிடமும் கேட்க முடியாமல் போனதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்கிறேன்.

நீங்கள் கண்ட அரக்கையே காண்கிற,
உங்கள் தங்கச்சி மகன்
முத்து